மேல் கிளெனுக்கு வராத கார்

ஹாலிஃபாக்ஸ்
26 அக்டோபர் 1970

மோராக் அக்காவுக்கு,

அம்மாவை அடக்கம் செய்த நாளில் குழியின் அந்தப் பக்கம் நீயும் இந்தப் பக்கம் நானுமாக நின்றோம். அதற்குப் பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. டெலிபோனில் கூப்பிட்டிருப்பேன். உங்கள் ஒன்பது வீட்டுக்கும் ஒரே லைன், எடுத்தால் ஒன்பது குடும்பமும் காது வைத்துக் கேட்கும். அதனால் எழுதுகிறேன்.

நீதிபதி முன்னிலையில் மறு எண்ணிக்கை வெள்ளிக்கிழமை முடிந்தது. மருந்துக்கடை ஃபின்லேக்கு 3,118. எனக்கு 3,117.

இருபத்து மூன்று வருஷம் அக்கா. 1947இல் மாவட்ட மன்ற உறுப்பினர். 1951இல் மன்றத் தலைவர். 1956இலிருந்து சட்டசபை. ஓடைப் பாலம் என்னால் வந்தது, ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடம் என்னால் வந்தது, மேல் கிளெனுக்கு மின்கம்பம் என்னால் வந்தது. நீ கடிதம் படிக்கும் விளக்கு அந்தக் கம்பத்தில்தான் எரிகிறது. அத்தனையும் ஓட்டுச்சீட்டில் ஒரே ஒரு பென்சில் கோட்டில் போயிற்று.

உங்கள் சாவடிப் பட்டியலை நேற்று முழுக்கப் பார்த்தேன். ஓட்டுப் போடாதவர்கள் மூன்றே பேர். ஒருத்தர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். ஒருத்தர் ஆகஸ்டில் செத்துவிட்டார், பெயரை எடுக்க மறந்திருக்கிறார்கள். மூன்றாவது பெயர் மோராக் கில்லிஸ்.

காலையில் உன்னைச் சாவடிக்கு ஏற்றிப் போக ஃபின்லேயின் சிவப்புக் கட்சிக் கார் வந்ததாம். நீ திருப்பி அனுப்பினாயாம். அதைக் கேட்டு ஒரு நிமிஷம் மனம் குளிர்ந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். பிறகு யோசித்தேன். அவர்களுக்கும் போகவில்லை, எனக்கும் வரவில்லை. என் சொந்த அக்கா அடுப்பங்கரையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே என் கழுத்தை அறுத்திருக்கிறாள்.

காரணம் கேட்க எனக்கு உரிமை இல்லையா?

லாக்லின்


மேல் கிளென்
1 நவம்பர் 1970

லாக்லின் மக்கின்னிஸுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. இன்று பூசை முடிந்து வந்து எழுதுகிறேன். நான் நாலு வகுப்புப் படித்தவள். எனக்குப் பதினோரு வயதில் அம்மா படுக்கையில் விழுந்தாள், நீ அப்போது கைக்குழந்தை. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்லேட்டு தூக்க முடியவில்லை. ஆகவே எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். உன் எழுத்து நேராக இருப்பதற்கு விலை அதுதான்.

அடுப்பங்கரையில் டீ குடித்தேன் என்று உனக்கு யார் சொன்னார்கள்? கேட்டுக்கு வெளியே நின்றேன். காலை ஒன்பது மணியிலிருந்து.

ஒன்பதரைக்கு சிவப்புக் கார் வந்தது. ஆலி பீட்டன் ஓட்டி வந்தான், என் வீட்டுக்காரர் டூகல்டின் ஒன்றுவிட்ட அக்கா மகன். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

“ஏறுங்க அத்தை, மழை வர்ற மாதிரி இருக்கு.”

“நீ போப்பா. நான் உன் வண்டியில வரல.”

“உடம்புக்கு ஏதாவதா?”

“உடம்பு நல்லாத்தான் இருக்கு.”

“தொப்பியெல்லாம் போட்டுட்டு நிக்கிறீங்களே.”

“என் தொப்பி, என் தலை. நீ போ.”

உன் ஊர் வழக்கம் உனக்கு மறந்திருக்காது. எவன் காரில் ஏறுகிறோமோ அவனுக்குத்தான் ஓட்டு. ஏறிப் போய்த் திரைக்குப் பின்னால் மாற்றிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். யார் யார் என்று எனக்குத் தெரியும், வருஷத்தோடு சொல்வேன். நம்மை அப்படி வளர்க்கவில்லை. ஏறினால் வாக்குக் கொடுத்த மாதிரி. அதனால்தான் ஏறவில்லை.

பத்தரைக்கு உன் நீலக் கார் வந்தது. இங்கே உன் கட்சி வேலை பார்க்கிற ஹெக்டர் ஓட்டினான். என்னைத் தாண்டி மேலே பக்கத்து வீட்டு ஜெசி ஆனிடம் போனான். அவளை ஏற்றிக்கொண்டு திரும்பவும் என்னைத் தாண்டிக் கீழே போனான். இரண்டு பேரும் நேராகப் பார்த்துக்கொண்டு போனார்கள், நான் ஏதோ வேலிக்கால் மாதிரி. மத்தியானம் ஒரு தடவை. நாலு மணிக்கு ஒரு தடவை, அப்போது மழை. ஆறு மணிக்குச் சாவடி மூடினார்கள். ஆறே காலுக்கு நான் உள்ளே வந்தேன். மறுநாள் வரை கால் சூடு பிடிக்கவில்லை.

சாவடி இருக்கிற கூடத்துக்கு ஏழு மைல். எனக்கு எழுபத்தொரு வயது. “ஒரு கார் அனுப்புங்கள்” என்று ஒன்பது வீடு கேட்க டெலிபோனில் கெஞ்சுவதற்கு நான் இன்னும் அந்த அளவுக்கு வந்துவிடவில்லை.

யாருக்குப் போட நின்றாய் என்று கேட்காதே. கழுத்தை அறுத்தேன் என்று எழுதின கைக்கு அதைக் கேட்க உரிமை இல்லை.

மின்கம்பத்தைச் சொன்னாய். தார்ச்சாலையை ஏன் விட்டுவிட்டாய்? 1958இல் போட்டாயே, என் வீட்டுக்கு மேல் பாதி, என் வீட்டுக்குக் கீழ் பாதி, நடுவில் என் வேலி நீளத்துக்கு மட்டும் மண். அந்த மண்ணில்தான் நின்றேன்.

மோராக் கில்லிஸ்


ஹாலிஃபாக்ஸ்
9 நவம்பர் 1970

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மழையில் நின்றாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்படி ஒரு சொல் எழுதியிருக்க மாட்டேன். மன்னித்துக்கொள்.

ஹெக்டரைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவன் முட்டாள். இருபது வருஷமாக மேல் கிளெனை அவனிடம் விட்டது என் தப்பு. பட்டியலில் இருப்பதைத் தாண்டி யோசிக்க அவனால் முடியாது.

இப்போது நான் எழுதப் போவதை நிதானமாகப் படி. வேறு யாரிடமும் காட்டாதே.

என் வக்கீல் சொல்கிறார், தேர்தலை ரத்து செய்யச் சொல்லி வழக்குப் போடலாம். ஒரே ஓட்டு வித்தியாசம். ஓட்டுப் போட வந்த ஒருவரை எதிர்க்கட்சியின் ஆள் ஏமாற்றித் தடுத்தான் என்று நிரூபித்தால் போதும். மறுதேர்தல் வரும். மறுதேர்தலில் நான் ஜெயிப்பேன், அதில் சந்தேகமில்லை.

ஆலி பீட்டன் உன் கேட்டுக்கு வந்தான். நீ அவனோடு பேசினாய். ஜெசி ஆன் மாடி ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். என்ன பேசினீர்கள் என்பது உங்கள் இருவருக்கும் மட்டும்தான் தெரியும். “ஓட்டுப் போடும் நேரத்தை மாற்றிவிட்டார்கள், இனி போய்ப் பயனில்லை” என்று அவன் சொன்னதாக நீ நீதிபதி முன்னால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். தேவாலயத்துக்குத் தொப்பி போட்டுப் போகிற ஒரு பெண்ணின் வார்த்தையை எந்த நீதிபதியும் தள்ளமாட்டார்.

சும்மா கேட்கவில்லை. டூகல்டைப் பற்றி உன்னோடு நான் ஒருநாளும் பேசியதில்லை. இப்போது பேசுகிறேன். 1956இல் நாங்கள் ஆட்சிக்கு வந்ததும் சாலை வேலையில் இருந்த சிவப்புக்காரர்கள் எல்லோரையும் வேலையை விட்டு எடுத்தோம். அதற்கு முன்னால் அவர்கள் வந்தபோது நம் ஆட்களை எடுத்தார்கள். நான் ஒருவன் கண்டுபிடித்த வழக்கம் இல்லை அது. என் அக்கா புருஷனை மட்டும் விட்டுவைத்திருந்தால் மறுநாளே நாற்பது பேர் என் வாசலில் நின்றிருப்பார்கள். நீக்கும் காகிதத்தில் காரணம் என்ற கட்டத்தில் ஏதாவது எழுத வேண்டியிருந்தது. வேலை நேரத்தில் குடித்திருந்தார் என்று எழுதினேன். எல்லோருக்கும் அதைத்தான் எழுதினோம்.

டூகல்ட் வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை, எழுதியது பொய், எழுதியவன் நான் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அதைச் செய்தித்தாளில் போடு. கோவில் கதவில் ஒட்டு. உன் இஷ்டம்.

சீக்கிரம் பதில் எழுது.

உன் தம்பி
லாக்கி


மேல் கிளென்
20 நவம்பர் 1970

லாக்கி,

பதினோரு நாள் பதில் எழுதவில்லை. தபால்காரர் இரண்டு தடவை கேட்டார், “என்ன மோராக்கம்மா, ஹாலிஃபாக்ஸுக்கு ஒண்ணும் இல்லையா?” என்று. உறையைப் பார்த்தாலே இந்த ஊருக்கு அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை ஹெக்டர் வந்தான். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றான். நீ முட்டாள் என்று சொன்னது அவனுக்குத் தைத்திருக்கிறது. கோட்டுக்குள்ளிருந்து பட்டியலை எடுத்துக் காட்டினான்.

“அக்கா, நான் நிறுத்தத்தான் பாத்தேன். கால் பிரேக்குல இருந்துச்சு. ஆனா பேருக்கு நேரா பாருங்க.”

பார்த்தேன். ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் கோடு. நம் ஆளுக்கு நீலம், அவர்கள் ஆளுக்குச் சிவப்பு, சந்தேகத்துக்குக் கறுப்பு. என் பெயருக்கு நேரே சிவப்பு. பக்கத்தில் ‘போக வேண்டாம்’ என்று எழுதியிருந்தது. ‘வே’யின் கொம்பை நீ எப்போதும் பெரிதாகப் போடுவாய். அதை உனக்கு எழுதக் கற்றுக் கொடுத்தவள் நான்.

“அவர் ஹோட்டல்ல உக்காந்து எல்லாச் சாவடிக்கும் தானே போட்டாரு. நான் கேட்டேன், ‘உங்க அக்கா ஆச்சே’ன்னு. ‘அவ என்னிக்கோ போயிட்டா, பெட்ரோல வீணாக்காத’ன்னாரு.”

பெட்ரோல்.

எனக்குக் கறுப்புக் கோடு போடக்கூட உனக்குத் தோன்றவில்லை. சந்தேகம் கூட இல்லை.

சரி, டூகல்ட் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கட்டத்தில் ஏதாவது எழுத வேண்டியிருந்தது என்றாய். அந்தக் கட்டத்தில் நீ எழுதினது எங்கள் வீட்டில் என்ன செய்தது என்று உனக்குச் சொன்னவர்கள் இல்லை. நான் சொல்கிறேன். 1956 டிசம்பர் 17, திங்கட்கிழமை. ராத்திரி முழுக்கப் பனி கொட்டியிருந்தது, டூகல்ட் விடியற்காலை மூன்றுக்குப் போய்ச் சாலையில் பனி தள்ளும் பனி வண்டியை ஓட்டிவிட்டு ஒன்பதுக்கு வந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். உன் கட்சிக்காரன் ஆல்ஃபி மக்லீன் வந்தான். வண்டி இனி எனக்கு, சாவியைக் கொடுங்கள் என்றான். கூடவே காகிதம். டூகல்ட் நின்றுகொண்டே படித்தார். முழங்கையில் இன்னும் பனி உருகிக்கொண்டிருந்தது. படித்துவிட்டு என்னிடம் கேட்டார், “இதுல என் பேருதானே இருக்கு?” என்று. தன் பெயர்தானா என்று கேட்டார், லாக்கி. சிறுவயதில் கோவிலில் உறுதிப்பூசுதலின்போது மதுவைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்து குத்திக்கொண்ட ஊசிப் பதக்கத்தை ஐம்பது வருஷம் சட்டைக் காலரில் வைத்திருந்த மனிதர். அன்றைக்கும் அது காலரில் இருந்தது.

அந்தத் தேர்தலில் நான் உனக்குத்தான் போட்டேன். “உன் தம்பி நிக்கிறான், நீ அவன் வண்டியில போ, நான் எங்க ஆளுங்களோட போறேன்” என்று என்னை அனுப்பியவர் அவர்தான்.

பனி வண்டி போனது பெரிதில்லை. ஆட்சி மாறினால் வேலை போகும், அது அவருக்கும் தெரியும், அவர் வந்ததும் அப்படித்தான். வேறு காரணம் எழுதியிருந்தால் பள்ளிப் பேருந்து ஓட்டியிருப்பார். கேட்டார். குடிகாரனிடம் பிள்ளைகளை விடமாட்டோம் என்றார்கள். பால் வண்டிக்குக் கேட்டார். அதே பதில். ஐம்பத்தேழு வயதில் காட்டுக்கு மரம் வெட்டப் போனார். கோவிலில் பெண்கள் என் கையைப் பிடித்து, “பாவம் நீ, இத்தனை வருஷம் வெளிய தெரியாம வச்சிருந்தியே” என்றார்கள். இல்லை இல்லை என்று சொன்னால் இன்னும் பாவம் என்பார்கள். கடைசியில் சொல்வதை நிறுத்தினேன். இரண்டு வருஷம் முன்னால் செத்தார். துக்க வீட்டில் ரம் ஊற்றினார்கள், எல்லார் வீட்டிலும் போல. ஒருத்தன் கிளாசைத் தூக்கி, “டூகல்டுக்குப் பிடிச்சது” என்றான். அவன் பெயரும் தெரியும்.

ஆகவே நீ கொடுக்கிற தாள் எனக்கு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வேண்டும். பதினாலு வருஷமாக வேறு எதையும் நான் கேட்டு ஜெபம் பண்ணியதில்லை. உன் கடிதத்தைப் பைபிளுக்குள் வைத்தேன், எடுத்தேன், மாவு டப்பாவில் வைத்தேன், அங்கிருந்தும் எடுத்தேன்.

ஆலிக்கு நாலு பிள்ளைகள். சிவப்பு ஆட்சிக்கு வந்துவிட்டதால் இந்தக் குளிருக்குப் பனி வண்டி அவனுக்கு என்று பேச்சு. நீ சொல்கிறபடி நான் சொன்னால் அவனுக்கு என்ன ஆகும் என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

நீதிமன்றத்துக்கு வருகிறேன். எந்த நாள் என்று சொல்.

மோராக்


ஹாலிஃபாக்ஸ்
1 டிசம்பர் 1970

அன்புள்ள அக்கா,

கடவுள் உனக்கு நீண்ட ஆயுள் கொடுக்கட்டும். பழைய விஷயங்களை நேரில் பேசுவோம். ஹெக்டர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. தேர்தல் நெருக்கடியில் ஆயிரம் பெயர் கையில் ஓடும்.

டிசம்பர் 10, வியாழக்கிழமை, போர்ட் ரனால்ட் நீதிமன்றம், காலை பத்து மணி. கறுப்புக் கோட்டும் அந்தத் தொப்பியும் போட்டுக்கொள். வக்கீல் கேட்பதற்கு மட்டும் பதில். நீளமாகப் பேசாதே, உன் பழக்கம் எனக்குத் தெரியும். “நேரத்தை மாற்றிவிட்டார்கள் என்று சொன்னான்.” அந்த ஒரு வாக்கியம் போதும்.

தாளை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வக்கீல் பையில் இருக்கிறது. நீ கூண்டிலிருந்து இறங்கியதும் உன் கையில் கொடுப்பார்.

இன்னொன்று. மறுதேர்தலில் ஜெயித்தால், அடுத்த முறை நம் ஆட்சி வரும்போது எனக்கு மந்திரிப் பதவி என்று கட்சித் தலைவர் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். மூன்று தடவை கை நழுவினது உனக்குத் தெரியும். அம்மா இருந்திருந்தால் என்று நினைத்துக்கொள்கிறேன்.

எட்டு மணிக்கு ஹெக்டர் காரோடு வருவான்.

லாக்கி


ஹாலிஃபாக்ஸ்
12 டிசம்பர் 1970

திருமதி கில்லிஸுக்கு,

வழக்குத் தள்ளுபடி. செலவும் என் தலையில். நேற்றைய செய்தித்தாளில் முதல் பக்கம்: ‘அக்காவையே ஏற்றாத கார்.’ சட்டசபைப் படிக்கட்டில் காவலாளி வரை சிரிக்கிறான்.

வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். நீ வருகிறேன் என்று சொல்லி, என் காரிலேயே ஏறி வந்து, அறுபது பேர் முன்னால் என்னைத் தோலுரித்தாய். பதினாலு வருஷமாகத் தீட்டி வைத்திருந்தாயா?

எனக்கு அக்கா இல்லை.

லா. மக்கின்னிஸ்


மேல் கிளென்
19 டிசம்பர் 1970

லாக்லினுக்கு,

தீட்டவில்லை. கூண்டில் ஏறும் வரை எனக்கே தெரியாது. அதை நீ நம்பமாட்டாய், பரவாயில்லை.

எட்டு மணிக்கு ஹெக்டர் வந்து ஏற்றிக்கொண்டான். வழியெல்லாம் நான் அந்த ஒரு வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். நன்றாகத்தான் வந்தது. உள்ளே போனபோது ஆலி முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், கல்யாணத்துக்குத் தைத்த கோட்டுப் போட்டு. இப்போது பொத்தான் போட முடியவில்லை. நீ அவனுக்குப் பின்னால். உன் வக்கீல் மேசையில் பை திறந்திருந்தது. தாளின் மூலை தெரிந்தது. நீல மை. அதையே பார்த்துக்கொண்டு பைபிளில் கை வைத்தேன்.

“திருமதி கில்லிஸ், ஆலி பீட்டன் உங்ககிட்ட என்ன சொன்னாரு?”

“ஏறுங்க அத்தை, மழை வருதுன்னான்.”

“வேற?”

“என் தொப்பியப் பத்திச் சொன்னான்.”

சிரித்தார்கள். உன் வக்கீல் சிரிக்கவில்லை.

“நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க. நேரத்த மாத்திட்டாங்க, போய்ப் பிரயோஜனமில்லன்னு சொல்லலையா?”

ஞாபகப்படுத்திப் பார் என்றார் என்னிடம். அதைக் கேட்டதும்தான் எனக்குள் ஏதோ நின்றுவிட்டது. இந்த உலகத்தில் என்னிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். பிள்ளைகள் பாஸ்டனில், புருஷன் மண்ணில், பல் கிண்ணத்தில். ஞாபகம்தான் இருக்கிறது. அதில் ஒரு வரியை மாற்றினால், டூகல்ட் நின்றுகொண்டே படித்ததையும் நானே இட்டுக்கட்டினேன் என்று நாளைக்கு எனக்கே தோன்றும். பிறகு எந்தத் தாள் வந்து என்ன?

“சொல்லல,” என்றேன்.

பிறகு சிவப்புக்காரன் வக்கீல் எழுந்தான். நீ ஒப்புக்கொள்ளமாட்டாய், ஆனால் அவன் கேட்டதற்கெல்லாம் நான் விருப்பப்பட்டுப் பதில் சொல்லவில்லை. உங்கள் தம்பி கட்சிக் கார் ஏன் நிற்கவில்லை என்றான். பேருக்கு நேரே சிவப்புக் கோடு என்றேன். யார் போட்டது என்றான். உன்னைப் பார்த்தேன். நீ உன் ஷூவைப் பார்த்தாய். நான்தான் போட்டேன் என்று எழுந்து சொல்வாய் என்று கொஞ்சம் காத்திருந்தேன். நீதிபதி “சொல்லுங்கம்மா” என்றார். சொன்னேன்.

“தம்பி மேல உங்களுக்குப் பகை உண்டா?”

“உண்டு.”

“எத்தனை நாளா?”

“வர்ற வியாழக்கிழமையோட பதினாலு வருஷம்.”

அப்போதும் சிரித்தார்கள். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

கார் வந்திருந்தால் யாருக்குப் போட்டிருப்பீர்கள் என்று ஆரம்பித்தான். நீதிபதி மேசையைத் தட்டினார். அதை இந்த நாட்டில் யாரும் யாரையும் கேட்கக்கூடாது என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

இறங்கி வந்தபோது உன் வக்கீல் பையை மூடினார். நானும் கையை நீட்டவில்லை. வெளியே சிவப்புக்காரர்கள் கையைப் பிடித்துக் குலுக்க வந்தார்கள். எங்கள் காரில் வாருங்கள் என்றார்கள். உங்கள் கைகுலுக்கலுக்காக நான் பேசவில்லை என்று சொல்லிவிட்டேன். ஹெக்டரின் கார் போயிருந்தது. தபால் வண்டியில் மூட்டைகளோடு உட்கார்ந்து வந்தேன்.

இன்னொன்றும் கேட்டுக்கொள். ஆலிக்குப் பனி வண்டி வந்துவிட்டது. ஆல்ஃபி மக்லீனை எடுத்துவிட்டார்கள். காகிதத்தில் என்ன காரணம் தெரியுமா? வேலை நேரத்தில் குடித்திருந்தார். ஆல்ஃபி குடிக்கிறவன் இல்லை, வயிற்றுப் புண்காரன், பாலும் ரொட்டியும்தான் சாப்பிடுகிறான். அவன் மனைவி போன ஞாயிறு கோவிலில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றாள். நான் நகர்ந்து இடம் கொடுத்தேன். பதினாலு வருஷமாக அவளோடும் நான் பேசியதில்லை. அன்றைக்கும் பேசவில்லை. இடம் மட்டும் கொடுத்தேன்.

உனக்கு அக்கா இல்லை என்று எழுதியிருக்கிறாய். பட்டியலில் முன்னமே அப்படித்தானே போட்டிருந்தாய்.

மோராக் கில்லிஸ்


ஹாலிஃபாக்ஸ்
14 ஜனவரி 1971

அக்கா,

அறையைக் காலி செய்துவிட்டேன். மேசையில் பதினாலு வருஷக் குப்பை. கட்சி அலுவலகத்தில் என் பெயர்ப்பலகையைக் கழற்றும்போது ஆணி வரவில்லை, நானே பிடித்துக் கொடுத்தேன்.

ஊருக்கே திரும்பி மறுபடி மாவட்ட மன்றத்துக்கு நிற்கலாமா என்று ஹெக்டரைக் கேட்டேன். “பாக்கலாம்,” என்றான். அந்த வார்த்தையை எத்தனை ஆயிரம் பேருக்கு நான் சொல்லி அனுப்பியிருப்பேன். வாங்கிக்கொள்வது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது.

ஹெக்டரிடமிருந்து பட்டியலைத் திரும்ப வாங்கினேன். எழுதினது நான்தான். அதை எழுதின நிமிஷம் ஞாபகம் இல்லை. அதுதான் நெஞ்சை அரிக்கிறது. மற்ற பெயர்களைப் போலத்தான் போட்டிருக்கிறேன், கை நிற்கவே இல்லை.

தூக்கம் போய்விட்டது. ஒரே கணக்கு ஓடுகிறது. நீ எனக்குப் போட்டிருந்தால் 3,118க்கு 3,118. சமம். அப்போது தேர்தல் அதிகாரி சீட்டுக் குலுக்கியிருப்பார், பாதிக்குப் பாதி. நீ அவனுக்குப் போட்டிருந்தால் இரண்டு ஓட்டில் தோற்றிருப்பேன், யாரையும் நொந்துகொள்ள வேண்டியதில்லை. எது என்று தெரிந்தால் போதும்.

டூகல்டைப் பற்றிய தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. கிழிக்கவில்லை. கார் வந்திருந்தால் யாருக்குப் போட்டிருப்பாய்? அதை மட்டும் எழுது. மறுதபாலில் தாள் வரும்.

லாக்கி


மேல் கிளென்
24 ஜனவரி 1971

லாக்கி,

இன்னமும் பேரம்தான். ஒன்று கொடுத்தால் ஒன்று. நீ வேறு மாதிரி கேட்கக் கற்றுக்கொள்ளவே இல்லை. உன்னை வளர்த்தவள் நான், அந்தப் பழி எனக்கும் உண்டு.

தாளை நீயே வைத்துக்கொள். எனக்கு விற்கிற தாள் வேண்டாம். என்றைக்காவது யாரும் கேட்காமல், எதுவும் கிடைக்காது என்று தெரிந்து, அதைக் கொண்டுபோய்ப் பாதிரியார் கையில் கொடுக்க உனக்குத் தோன்றினால் கொடு. தோன்றாது என்றுதான் நினைக்கிறேன்.

உன் கேள்விக்குப் பதிலைச் சும்மாவே சொல்கிறேன்.

அன்று காலை தொப்பியை மாட்டும்போது யாருக்கு என்று நான் முடிவு பண்ணவில்லை. டூகல்ட் இல்லாத முதல் தேர்தல். இத்தனை வருஷம் சிவப்புக் காரில் ஏறியது அவருக்காக. அவர் இல்லை. உன் காருக்கு நின்றேன். ஆனால் ஏறுவதற்காக நிற்கவில்லை, யார் இறங்குகிறார்கள் என்று பார்க்கத்தான் நின்றேன். ஹெக்டர் இறங்கியிருந்தால் ஆலியைப் போலவே அவனையும் திருப்பி அனுப்பியிருப்பேன்.

நீ இறங்கியிருந்தால் உன் முகத்தைப் பார்த்து அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்திருக்கும். ஒன்பது மணி நேரம் அதற்காகத்தான் நின்றேன். நீ வரவில்லை. ஆகவே யாருக்கு என்பது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தூக்கம் எனக்கும்தான் வரவில்லை.

மோராக்